மதிவதனியின் உறுமல்

ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து உறுமல் வந்தால் உங்கள் கை முதலில் எதைத் தேடும்? கற்பூரத்தையா, செல்போனையா? வேங்கிக்காலில் ஒரு தெரு இரண்டையும் தேடியது. பாட்டாக இருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதிவதனி பாடகி. செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லூரியில் கிட்டார் பழகி, ரமணாசிரமம் பகுதியில் ஒரு கஃபேயில் மாலை நேரங்களில் வாசித்தாள். "ஃபாரினருங்க வர்ற எடம்மா, தியானம் மாதிரி வாசி" என்பார் முதலாளி. ஆட்களைத் தூங்கவைக்க நான் எதற்கு என்று வெளியேறியவள், சென்னையில் ஓர் இசைக்குழுவில் சேர்ந்தாள். அவர்களுடையது புரோகிரசிவ் மெட்டல். கனத்த கிட்டார், ஏழு தட்டில் ஓடும் தாளம் சொல்லிக்கொள்ளாமல் ஐந்துக்குத் தாவும். மதிவதனி மெல்லிய குரலில் தமிழில் பாடிக்கொண்டே வந்து சட்டென்று உறுமலுக்குள் இறங்குவாள். அது வெறும் கத்தல் அல்ல. அடிவயிற்று மூச்சை அடக்கி, ஆண்டுக்கணக்கில் பழகியது.

முதல் ஆல்பத்துக்குக் குரல் பதிவுசெய்ய ஊர்ப்பக்கம் திரும்பி வேங்கிக்காலில் மாடி அறை எடுத்தாள். சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தியும் ஒலி கசிந்தது. ஆடி மாதம். பத்தாம் வகுப்போடு கல்யாணம் செய்துவைக்கப்பட்ட தோழியைப் பற்றிய பாட்டு. அவள் கத்தாத கத்தலை இவள் உறுமிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

வீட்டுக்காரர் சந்திரகலா. தட்டில் வேப்பிலை, எலுமிச்சம்பழம். பின்னால் பாதித் தெரு.

"தாயே, எம் பையனுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?"

"அக்கா, நான்தான், மதி. பாடிட்டு இருக்கேன்."

"இதுவா பாட்டு? இன்னாம்மா வெளாடுற?"

"அப்ப எங்கூட்டு கிரைண்டரும் பாடகிதான்!" என்றது ஒரு குரல். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

சந்திரகலா மட்டும் நின்றார். "வந்தது அம்மன்னு ஒரு வார்த்த சொல்லிடு பாப்பா. வெள்ளிக்கிழம நாலு பேருக்குக் குறி சொல்லு. அப்பறம் நீ எவ்ளோ கத்துனாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"நான் பழகுன கொரல்க்கா. அத ஏன் சாமி பேர்ல எழுதி வெக்கணும்?"

"அப்ப ரூம காலி பண்ணு. போலீசுக்குப் போன் பண்றேன்னு எதுத்த வூட்டுல சொல்றாங்க. பொட்டப்புள்ள இப்பிடிக் கத்துனா அசிங்கம்."

சாமி உறுமினால் அருள், பெண் உறுமினால் அசிங்கமா? தொண்டை ஒன்றுதானே! தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி அந்த மாதம் முழுக்க விடியுமுன் அலறியதே, அதற்கு யார் போலீஸைக் கூப்பிட்டார்கள்? சந்திரகலா மீது எனக்குக் கோபமில்லை. ஆடிக்கு ஆடி அவரும் சாமியாடுகிறவர். ஆண்டு முழுக்கக் கணவர் முன் வாய் திறக்காதவர், அந்த ஒரு நாள் மட்டும் அவரை நிற்கவைத்து அதட்டுவாராம். கத்துவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் மதிவதனிக்கும் காட்டினார். ஒரு பெண் குரலுயர்த்த அம்மனின் சிபாரிசு கேட்கும் தெருவின் மீதுதான் என் கோபம்.

மதிவதனி அறையைக் காலிசெய்துவிட்டாள். தோழியின் பாட்டு பாதியில் நிற்கிறது. வேறு அறை தேடிப் போகும் இடத்திலெல்லாம் "கத்துற பொண்ணா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். இந்த ஊரில் உங்களுக்கு ஓர் அறை காலியாக இருந்தால் அவளுக்கு வாடகைக்கு விடுங்கள். அறை இல்லாவிட்டால், அவள் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவரும்போது, செல்போனை எடுக்கும் முன் அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.