மணியை நீக்கிய பாட்டு

மாதா திருநாளுக்கு மறுநாள், ஆகஸ்ட் பதினாறு காலையில், ஜெர்லினும் அவள் அப்பா பிரான்சுவாவும் பிரான்சுக்கே குடிபோகக் கிளம்பினார்கள். உப்பளம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அருள்பிரகாஷிடம் பிரான்சுவா ஒன்றைத்தான் கேட்டார். பாட்டு எப்போது வரும்?

பாட்டின் வரிகள் அவருடையவை. தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திய மனுஷன், ஓய்வு பெற்றபின் முதன்முதலாக எழுதிய பன்னிரண்டு வரிகள். அருள்பிரகாஷ் மெட்டுப் போட்டான். இரண்டு நாள் முன்னால் அவன் மாடி அறையில் ஜெர்லின் பாடினாள். கடைசிச் சரணத்தில் அவள் குரல் மேலே ஏறிய நேரம் பார்த்து, மாதா கோவிலில் மதிய மணி அடித்தது. அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பிரான்சுவா கைதட்டிச் சிரித்தார். அருள்பிரகாஷுக்கு முகம் சுண்டிப்போனது.

"மணி இருந்தா இருந்துட்டுப் போவுது, தம்பி. அப்படியே அனுப்பு," என்றார் காரில் ஏறும்போது.

"பத்தே நாள் அங்கிள். சுத்தமா முடிச்சி அனுப்பறேன்."

அருள்பிரகாஷுக்கு ஊரோரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். எட்டு மணி நேரம் குறை தேடிய புத்தி வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. மணியைக் குறைத்தால் குரல் கம்மியது. குரலைத் தூக்கினால் மணி எட்டிப்பார்த்தது. நடுவில் தபலாவை மாற்றினான், புல்லாங்குழலைச் சேர்த்தான், எடுத்தான். பத்து நாள் ஆறு வருஷம் ஆனது. ஜெர்லின் முதலில் மாதாமாதம் கேட்டாள், அப்புறம் கிறிஸ்துமஸுக்குக் கேட்டாள், அப்புறம் வெறும் வாழ்த்துதான் வந்தது. கம்ப்யூட்டரில் அறுபது பாட்டு சேர்ந்திருந்தது. முடிந்தது ஒன்றுகூட இல்லை.

கம்பெனியில் பக்கத்தில் நிற்கும் பூவிழி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்தப் பாட்டைக் காதில் மாட்டிக் கேட்டாள்.

"நல்லாத்தான இருக்கு, இன்னும் என்னா வேணும்? நீ தூக்கி எறியற மூடியக்கூட உருக்கி வித்துடறாங்கண்ணே. உன் பாட்டுதான் உள்ளயே கெடக்குது."

சுருக்கென்று தைத்தது. அந்த வாரமே புதிதாக வந்திருந்த ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தான். மணி மட்டும் தனியாகக் கழன்று வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும், 'வரிகள்: பிரான்சுவா' என்று போட்டு யூடியூபில் ஏற்றினான். மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இவ்வளவுதானா, இதற்கா ஆறு வருஷம் என்றிருந்தது. ஜெர்லினுக்கும் அனுப்பி, மணிச் சத்தம் துளிகூட இல்லை, அங்கிளைக் கேட்கச் சொல் என்று எழுதினான்.

சாயங்காலம் பதில் வந்தது.

"பாட்டு ரொம்ப நல்லா இருக்குண்ணா. அப்பாவுக்கு ரெண்டு வருஷமா காது சுத்தமா கேக்கல, மெஷின் வச்சும் பிரயோஜனம் இல்ல. பாட்டு வந்துடுச்சின்னு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். செல்போன் மேல கைய வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. மணி அடிக்கும்போது தோள்ல தட்டிச் சொல்லுன்றாரு. எந்த எடத்துல தட்டட்டும்ணா?"