நாலு விரல்

உத்திரமேரூர் வட்டாரத்தில் எங்கள் ஊர் சடுகுடு அணி இரண்டு வருஷம் தோற்கவே இல்லை. காணும் பொங்கலன்று அறுவடை முடிந்த கழனியில் பக்கத்து ஊரோடு மோதி, பரிசாகக் கட்டிவைத்த வாழைத்தாரை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வருவோம். அணித் தலைவன் நான். இருபது வயதுத் திமிருக்குக் கேட்க வேண்டுமா?

உண்மையில் ஜெயித்துக் கொடுத்தவன் வேறொருவன். சேரியிலிருந்து எங்கள் கழனிக்குக் கூலிக்கு வருகிறவன், என் வயசு. காது கேட்கும், பேச்சு வராது. மூச்சு விடாமல் ‘சடுகுடு’ பாடிக்கொண்டே போகவேண்டிய ஆட்டமாயிற்றே, முதல் வருஷம் எதிரணி சண்டைக்கு வந்தது: “ஊமையன் எப்பிடிப்பா பாடிக்கினு வருவான்?”

நடுவராக நின்ற தபால்காரர், “மூச்சு வுடாம தொண்டையில சத்தம் வருதில்ல? அதான்யா பாட்டு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவன் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் போதும், எதிரே ஏழு பேரும் கோழிக்குஞ்சுகள் மாதிரி சிதறுவார்கள். ஒருவனும் கை வைக்க மாட்டான். அவன் வேகம் அப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் பயந்தது தீட்டுக்குத்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவனை அனுப்பினேன்.

மூன்றாம் வருஷம், போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி. அவன் பாடிக்கொண்டு வந்தான். நாங்களும் வழக்கம்போல் ஒதுங்கினோம். சட்டென்று நின்றான். என்னை நோக்கி விரல் நீட்டினான். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, இரண்டு கைகளையும் கோத்து இறுக்கினான். என்னைப் பிடி என்கிறான். நான் புரியாதவன் போல் இளித்தேன். அவன் விறுவிறுவென்று போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டான்.

“இன்னா கோவம் இவனுக்கு? ஜெயிச்சிக்கினுதானே கீறான்?” என்றான் எங்கள் ஆள் ஒருவன்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வருஷத்தில் நானும் அவனை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. “வாடா, பாடு” என்று கூப்பிட்டேன். முனகிக்கொண்டு வந்தான். பாய்ந்து இடுப்பைக் கட்டினேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடினான், பாவி! மற்றவர்களும் தயங்கித் தயங்கி வந்து மேலே விழுந்தார்கள். அடியில் கிடந்தபடி அவன் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது.

மறுநாள் எதிரணியிடம் சொன்னேன்: “இவன புடிக்கிறதுன்னா ஆடலாம். இல்லன்னா தார நீங்களே எடுத்துக்கினு போங்க.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பண்ணை வீட்டுத் தடியன் ஒருவன் வேட்டியை வரிந்து கட்டினான். “வரச் சொல்லு, பாக்கலாம்.”

எங்கள் ஆள் முனகிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். முதலில் அவன் காலைப் பிடித்தவன் அந்தத் தடியன்தான். மேலே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். கோடு ஒரு முழத் தூரத்தில் இருக்கும்போது அவன் முனகல் அறுந்துவிட்டது. அந்த வருஷம் நாங்கள் தோற்றோம். வாழைத்தார் கைவிட்டுப் போயும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம், முழங்கால் சிராய்ப்பும் உடம்பெல்லாம் புழுதியுமாக, எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி அவன் நாலு விரலைக் காட்டினான். தன்னைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்ததாம்.