ஸ்டெல்லாவின் பெயரைச் சொன்னது நான்தான்

ஸ்டெல்லாவைக் காட்டிக் கொடுத்தவள் நான். அவளுடைய ரகசிய மின்னஞ்சலை எவனோ உடைத்துப் படித்துவிட்டான் என்று ஆலைப் பெண்கள் எல்லாரும் நம்புகிறார்களே, அது பொய். அந்தப் பொய்யை வளரவிட்டவளும் நானே!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பி.எப். விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் வேண்டுமென்று ஆலைப் பெண்கள் வருவார்கள். கணக்கை நானே திறப்பேன், பாஸ்வேர்டும் நானே வைப்பேன். "நீயே வெச்சுக்கோக்கா, எனக்கு மறந்து பூடும்" என்பார்கள். அடுத்தவர் சாவியெல்லாம் என் மண்டைக்குள்! அதில் எனக்கு ஒரு பெருமை வேறு...

ஸ்டெல்லா அப்படித் தன் சாவியை என்னிடம் விடவில்லை. அவள் ஆலையில் தகட்டை அழுத்தி வெட்டும் ப்ரெஸ் மெஷினில் நிற்பவள். உள்ளே கை இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று அணைத்து வைத்திருந்தார்கள்.

"யாராண்டயாவது சொல்லணும்க்கா. பேரு வெளிய வந்தா வேலை பூடும். இன்னா பண்றது?"

குறியாக்கம் செய்த மின்னஞ்சல் சேவை ஒன்றைக் காட்டினேன். பெயர் கேட்காது, போன் நம்பர் கேட்காது. பெட்டிக்குள் இருப்பதைச் சேவை நடத்துபவனே படிக்க முடியாது. அவளே பாஸ்வேர்டு வைத்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அதுவரை யோக்கியமாகத்தான் இருந்தேன்!

தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குப் புகார் போனது. அதிகாரிகள் வந்தார்கள். சென்சார் மீண்டும் ஓடியது.

பிறகு ஒருநாள் அந்த ஆலையின் மேலாளர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். "புகார் மெயில் போட்டது யாருன்னு தெரியலன்னு எங்க ஐ.டி. ஆளுங்களே கையை விரிச்சுட்டாங்கம்மா. எவனோ பெரிய கில்லாடி" என்று புலம்பினார்.

என் வாய் சும்மா இருந்ததா? "கில்லாடி எல்லாம் இல்ல சார்... நம்ம கடையில பண்ணதுதான்!" என்று பல்லை இளித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "யாருக்கு?" என்றார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். அந்த ஆலையின் ஜெராக்ஸ் வேலை மொத்தமும் என் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்... அவள் பெயரைச் சொல்லிவிட்டேன்!

மறுவாரமே அவளை வேலைக்கு வராதே என்றுவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தாள். "உன் மெயிலு டுபாக்கூருக்கா! ஒடச்சுப் படிச்சிட்டானுங்க" என்று அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தக் காலத்துல எதைடி நம்பறது?" என்றேன். சீ... நானும் ஒரு பொம்பளையா?

அவள் சொன்னது ஆலை முழுக்கப் பரவியது. பரபரப்பு அடங்கியதும் சென்சாரை மறுபடி அணைத்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எழுத ஒருத்திக்கும் துணிவில்லை. போன மாதம் சுமதி என்ற பெண்ணுக்கு இரண்டு விரல்கள் போயின.

அந்த விரல்களுக்கு யார் பொறுப்பு? நீங்களே சொல்லுங்கள்.

நேற்று பொன்னேரியில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அறைவாள் என்றிருந்தேன். துவைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு இன்னாத்துக்கு சொல்ற? நான் வேற கம்பெனிக்குப் போய்க்கினு கீறேன். அந்த மெஷினாண்ட இன்னும் நிக்குதுங்களே, அதுங்களாண்ட போய்ச் சொல்லு. மெயிலு நல்லாத்தான் கீது, நான்தான் பேரச் சொன்னேன்னு சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை ஷிப்டு மாறும்போது ஆலை வாசலில் நிற்பேன். கடை போனால் போகட்டும். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். இனி அந்தப் பெண்கள் என் கடைக்கு வரவேண்டாம். தங்கள் போனிலேயே, தாங்களே பாஸ்வேர்டு வைத்து எழுதட்டும். எப்படியென்று மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நஷ்டஈடு கேட்டு சுமதியும் நாளை அங்கே வருகிறாளாம். வேறொரு நாள் போகலாமா என்று நெஞ்சு கெஞ்சுகிறது... இல்லை! அவள் முன்னால்தான் சொல்லப் போகிறேன்.