‘வாரேன்’ சொல்லாமல் போன மாமனார்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். என் மாமனாருக்கு மறதி முற்றியிருந்தது. கறந்த எருமையையே மறுபடி கறக்க உட்காருவார். பாவம், இந்த வயதில் எதற்கு என்று வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, "சும்மா உக்காருங்க மாமா" என்று கட்டிலில் உட்கார வைத்தேன். பிறகு சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது, விடிகாலையில் ஓசையில்லாமல் அழுவார். மறதி வந்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஒரு சாயங்காலம் தனியாக மாவாட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்று, "நான் போறேன் அம்மிணி" என்றார். "சரிங்க மாமா" என்றேன், நிமிராமல்.

இரண்டு சுற்று சுற்றியதும் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கம் கூப்பிடு தூரத்துக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வோம். வெறும் ‘போறேன்’ சொல்லும் பிள்ளைகளை அதட்டித் திருத்துகிறவரே அவர்தான். தன் பெயரை மறந்த நாளில்கூட அந்த ‘வாரேன்’ அவருக்கு மறந்ததில்லை.

மாவுக் கையோடு கிணற்றுப் பக்கம் ஓடினேன். எங்கள் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார். எட்டிப் பிடித்தால் இரண்டு பேரும் உள்ளே போவோம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமா, எருமை கறக்க உடமாட்டேங்குதுங்க."

கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதைக்குதுங்க மாமா."

தலை திரும்பியது. "கன்னுக்குட்டியை ஊட்ட உட்டியா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்புடி உடும்? எருமைக்கு இருக்கற வெவரம் உனக்கில்லையே" என்று முனகிக்கொண்டே காலை மேலே இழுத்தார். அப்போதுதான் அவர் கையைப் பிடித்தேன்.

மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏறினோம். "மறதியை என்னால் திருப்ப முடியாது. ஆனால் கூடவே மனச்சோர்வும் இருக்கிறது. அது வேறு நோய், அதற்கு வைத்தியம் உண்டு" என்றார் டாக்டர். நாளெல்லாம் என்ன செய்கிறார் என்று கேட்டார். "ஒரு வேலையும் வெக்கறதில்லீங்க" என்றேன், பெருமையாக. "அதுவும் ஒரு காரணம்" என்றார் டாக்டர். பிறகு மருந்து எழுதினார். தனியாக விடாதீர்கள், தெரிந்த வேலையைச் செய்யவிட்டுக் கூடவே இருங்கள் என்றார்.

கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டோம். கன்றை அவிழ்த்துவிடுவது அவர் வேலை, பக்கத்தில் நிற்பது என் வேலை என்று ஆயிற்று. சில வாரங்களில் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறதி மட்டும் போகவில்லை. நான் யாரென்று தெரியாமலே கடைசிவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

வயதானவர் ஒருவர் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், அமைதியாக இருக்கிறார் என்று இன்றுவரை என்னால் நினைக்க முடிவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதாவது கேட்டுவிடுகிறேன்.