மீட்டர் காட்டிய பன்னிரண்டு வோல்ட்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றதும் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குக் குடிவந்தேன். அங்கே ஷேர் ஜீப் ஓட்டியவரிடம் ஒயர் சோதிக்க ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தது. பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து அவரே செய்தது. அதைக் கேலி செய்து, டிஜிட்டல் மீட்டர் வாங்க வைத்தவன் நான்தான்.

ஒரு சந்தை நாள் காலை, நானும் போக இருந்த ஜீப் கிளம்பும் நேரத்தில் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரனின் ஒயரைக் கழற்றி, அவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லி அளந்தேன். பன்னிரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது.

"ஒயர் நல்லா இருக்கு. ஹாரன்தான் போச்சு."

அவர் அதே ஒயரில் பல்பை வைத்தார். "மங்கலா எரியுதுங்களே சார். ஒயர்லதான் இன்னாவோ கோளாறு. பத்து நிமிஷத்துல வேற ஒயர் இழுத்துட்றேன்."

"மீட்டர் பொய் சொல்லாதுப்பா. அந்தப் பல்பைத் தூக்கிப் போடு. மெதுவா இறங்கு, திருப்பத்தூர்ல புது ஹாரன் வாங்கிக்கலாம்."

புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுமை இழந்தார். "இன்னா சார், பரீட்ச வெச்சிகினு இருக்கீங்களா? வண்டிய எடுக்கச் சொல்லுங்க. ஆரனுக்கு நான் கத்திகினு வர்றேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பல்பை உள்ளே வைத்தார்.

மீட்டர் மின்சாரத்தை இழுப்பதில்லை என்பதால், ஒயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் அது முழு வோல்ட்டையும் காட்டும். ஆனால் ஹாரன் இழுக்கும் மின்சாரத்தை அந்த இழையால் கொடுக்க முடியாது. பல்பும் ஹாரனைப் போல மின்சாரத்தை இழுக்கும். அதனால்தான் அது மங்கியது. இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அன்று ஏன் தோன்றவில்லை? அவர் சொல்லி நான் ஒப்புக்கொள்வதா என்ற எண்ணம்தான்.

முதல் சில வளைவுகளில் அந்த அம்மாள் உண்மையாகவே கத்தினார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வளைவுக்கு வளைவு ஜீப் ஊர்ந்தது. நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வளைவில் சட்டென்று எதிரே பஸ். டிரைவர் வண்டியை இடப்பக்கம் மலையை நோக்கி ஒடித்தார். பாறையில் மோதி முன்பக்கம் உள்ளே நசுங்கியது. எங்களுக்குச் சிராய்ப்புதான். கிளச்சில் இருந்த அவருடைய இடது கால் நொறுங்கிவிட்டது.

பட்டறையில் ஒயரைப் பிரித்தபோது உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஹாரனில் குறையே இல்லை.

ஹாரன் இல்லாமல் வண்டி எடுத்தது அவருடைய திமிர் என்று, அன்று கூட வந்தவர்கள் உட்பட ஊரே பேசியது. கால் ஓரளவு தேறி அவர் மறுபடி ஓட்ட வந்தபோது, அவர் ஜீப்பில் யாரும் ஏறவில்லை. அவர் என் பெயரை எங்கும் எடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பல மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுப்பா" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க சார்" என்றார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? ஜீப் ஸ்டாண்டுல வந்து சொல்லுங்க."

மறுநாள் போனேன். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மழை வருமா என்று கேட்டுவிட்டு, வேறொருவரின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.