இடது கையில் கட்டிய கயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். இன்று பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருந்தேன். டூட்டி முடிந்தபின் அங்கேயே டயாலிசிஸ் படித்தேன். "மேடம் பெரிய படிப்பு படிக்கிறாங்க" என்று வார்டில் கேலி செய்தார்கள். டயாலிசிஸ் பிரிவிலும் யாரும் என்னைத் தங்கள் ஆளாக நினைக்கவில்லை. அரியலூர் பஸ்ஸில் யாரோடும் பேசாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்புவேன்.

ஆலத்தியூரிலிருந்து டயாலிசிஸுக்கு வரும் ஓர் அக்கா மட்டும், "சாப்ட்டியா தங்கச்சி?" என்று கேட்பார். ஒரு சனிக்கிழமை அவர் கிளம்பும்போது, கல்லங்குறிச்சி கோயிலில் வாங்கி வந்த கயிற்றை, பெண்களுக்குக் கட்டும் வழக்கப்படி அவருடைய இடது கையில் இறுக்கிக் கட்டினேன். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருந்த கை அது. அதில் எதையும் கட்டக் கூடாது என்று என் நோட்டிலேயே எழுதியிருந்தேன்; அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த முறை வந்தபோது அந்தக் கையில் இணைத்த ரத்தக்குழாய் அடைத்து, துடிப்பு நின்றிருந்தது. மூத்த சிஸ்டர் கயிற்றை வெட்டினார்.

"யாரு கட்டுனது?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "கோயில்ல கட்டுனாங்க சிஸ்டர்" என்றார்.

"எத்தன தடவ சொல்றது? அறிவிருக்கா உங்களுக்கு?"

நான் பஞ்சை மடித்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறந்தால் படிப்பு போய்விடும் என்ற பயம். அக்காவுக்கு வலது கையில் மறுபடியும் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு அவர் டயாலிசிஸுக்குத் திருச்சிக்கே போய்விட்டார். நான் டயாலிசிஸ் நர்ஸ் ஆனேன். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கடைசியில் நான் உண்மையை ஒப்புக்கொண்டதாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். பேசாமல் நின்றேன் என்றே சொல்லுங்கள்.