பலூன் இறங்கிய இடம்

என் கணவர் பீங்கான் கோப்பைகளில் பூ எழுதுகிறவர். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்த அறுபதுகளில் அந்த வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் ஊருக்குள் பலூன்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும்.

காத்தாடித் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பை செய்வார். அடியில் மூங்கில் வளையம். வளையத்தின் நடுவே கம்பியில் கட்டிய துணிப்பந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்தது. துணியைக் கொளுத்தினால் சூட்டில் பை உப்பும். கையை விட்டால் மேலே போகும். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கேட்டு வருவார்கள். வெறும் பலூன் விடுகிறவர்கள் வேறு ஊர்களிலும் இருந்தார்கள். அதில் படம் எழுதுகிறவர் எங்கள் பக்கத்தில் இவர் ஒருவர்தான். சாயம் கனத்தால் பலூன் எழும்பாது என்று, தண்ணீராகக் கரைத்து, ஒரே இழுப்பில் எழுதுவார். மீன், மயில் எழுதிக்கொண்டிருந்தவர், நான் கல்யாணமாகி வந்த பிறகு முகங்கள் எழுத ஆரம்பித்தார். உள்ளே தீ அசையும்போது அந்தக் கண்களும் அசையும். கூட்டம் கைதட்டும். நான் சுற்றியுள்ள கூரைகளைப் பார்ப்பேன். நாங்கள் குடியிருந்த தெரு முழுக்கக் கூரை வீடுகள்.

"ஏங்க, இது எங்க போயி எறங்குது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"துணி எரிஞ்சி அணைஞ்ச பிறகுதான் எறங்கும். பயப்படாத."

"நீங்க பாத்தீங்களா?"

"மேல போறதத்தான் ஜனங்க பாப்பாங்க. எறங்கறத யாரு பாக்கறாங்க" என்று சிரித்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பலூன் கேட்டார்கள். உருவம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், தினமும் கோப்பையில் எழுதுகிற நீலப் பூவையே முறத்தளவுக்குப் பெரிதாக எழுதினார். அவர் செய்ததில் அதுதான் பெரிய பலூன். பொழுது சாயும் நேரத்தில் விட்டார். நல்ல மேல்காற்று. பலூன் கம்மாபுரம் பக்கமாக நகர்ந்தது. வழக்கமாகப் புள்ளியாகி அணைந்துவிடும். அன்று நாங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வெளிச்சம் கிழக்கே தெரிந்துகொண்டே இருந்தது. அவர் இரண்டு மூன்று முறை நின்று பார்த்தார்.

"துணியக் கொஞ்சம் பெருசா வச்சிட்டேன் போலருக்குது" என்றார்.

தயிர்க்காரி மறுநாள் வந்தபோது, கம்மாபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும் எரிந்துபோனதாகச் சொன்னாள். கட்டிக் கிடந்த பசு தப்பவில்லையாம். நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் வேலை செய்யும் இடத்திலும் அதைப் பேசியிருப்பார்கள். அவரும் என்னிடம் சொல்லவில்லை. பலூன் கேட்டு வந்தவர்களை, கை வலி என்று திருப்பி அனுப்பினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும்.

சித்திரை வெயிலில் அந்த ஆள் வந்தார். நடுவயது விவசாயி. துண்டில் எதையோ சுருட்டி வைத்திருந்தார். நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "பூ எழுதறவரு வூடு இதானேம்மா?" என்று கேட்டார்.

என் கணவர் உள்ளிருந்து வந்தார். அந்த ஆள் துண்டைப் பிரித்துத் தரையில் வைத்தார். கருகிய மூங்கில் துண்டு. உள்ளங்கையளவு காகிதம். அதில் நீலச் சாயம்.

"என் கொட்டாய்க்குப் பின்னால வேலியில சிக்கிக் கெடந்திச்சி. மழைக்கு முன்னாடி வேலி கட்டப் போனப்பதான் கண்ணுல பட்டுது. என்னான்னு தெரியில. நேத்து டீக்கடையில கெளாசுக்குப் பதிலா கோப்பையில டீ குடுத்தான். அதுல இதே பூவு. அத எழுதறவரு பலூனும் வுடுவாருன்னு கடைக்காரன் சொன்னான்."

என் கணவர் குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"நான் சண்டைக்கு வரலீங்க" என்றார் அந்த ஆள். "நெலக்கரி தோண்ட சர்க்காருல நெலத்தக் கேக்கப் போறாங்கன்னு ஊருல ஒரு பேச்சு. அதுக்குள்ள பாகம் பிரிச்சிக் குடுன்னு என் தம்பி தெருவுல நின்னு சத்தம் போட்டான். எல்லாம் எரிஞ்சி சாம்பலாப் போவட்டும்னு சொன்னான். அந்த வாரமே கொட்டாய் எரிஞ்சிது. நான்தான் அவன மரத்துல கட்டிவச்சி அடிச்சேன். ஊரே பாத்துது. அன்னைக்கிப் போனவன் வரல. நீங்க வந்து ஊருல சொல்லணும்."

நானும் கூடவே பஸ் ஏறினேன். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஊருக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து எங்கள் பின்னாலேயே நடந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் கரிந்த கம்பங்கள் இன்னும் நின்றிருந்தன. பக்கத்து வேப்பமரத்தடியில் என் கணவரை நிற்க வைத்தார்கள்.

"அது என் பலூனு. நான்தான் கொளுத்தி வுட்டேன். அந்தத் தம்பி மேல தப்பு இல்ல" என்றார். குரல் எழும்பவே இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

யாரும் கை நீட்டவில்லை. தம்பியின் மனைவி இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது.

"அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அந்த அண்ணன்காரரே எங்களை பஸ் ஏற்றிவிட்டார். கடைசிவரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் பெண் விருத்தாசலத்துக்கே வந்துவிட்டாள். புருஷனின் அண்ணன் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னாளாம். அவள் வேலை கேட்டு வந்து நின்றபோது என் கணவர்தான் முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டார். அவர் பூ எழுதி வைக்கும் கோப்பையை எடுத்து மெருகுக் கரைசலில் முக்கி அடுக்குவது அவள் வேலை. எதிரெதிரே உட்கார வேண்டும். வருஷக்கணக்கில் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. "திட்டினாக்கூடத் தேவலாம்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். ராத்திரிச் சாப்பாடு அவருக்குப் பாதியாகக் குறைந்தது. பம்பாயில் பார்த்தோம், பெண்ணாடம் ஆலையில் பார்த்தோம் என்று யாராவது தம்பியைப் பற்றிச் சொல்வார்கள். லீவு போட்டுப் போய்த் தேடுவார். பெண்ணாடத்தில் ஒருமுறை வேறு ஒருவனைப் பின்தொடர்ந்து போய் அடி வாங்கிக்கொண்டு வந்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மகம். வெளியூர் ஆட்கள் ஆற்றங்கரையில் பலூன் விட்டார்கள். நான் வாசலுக்கு வந்தபோது அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். அதுவரை அவள் எங்கள் தெருவுக்கே வந்ததில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அது எங்க எறங்கும்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அவரிடம்.

அவர் சைக்கிளை எடுத்தார். பலூனைப் பார்த்தபடியே தெருமுனையில் திரும்பி மறைந்தார்.

அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். டீ போட்டு வைத்தேன். தொடவில்லை. எந்தத் திசையிலாவது புகை தெரிகிறதா என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். நன்றாக இருட்டிய பிறகு வந்தார். முழங்கால் வரை சேறு.

"ஏரித் தண்ணியில வுழுந்துது. கூடவே எறங்கிப் பாத்துட்டேன். அணைஞ்சிடுச்சி" என்றார்.

அவள் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு போனாள். மறுநாள் ஆற்றங்கரையில் இன்னும் பலூன் விடப்போவதாகச் சொன்னார்கள். அவர் சைக்கிளை உள்ளே ஏற்றாமல் வாசலிலேயே நிறுத்திவைத்தார்.